17 அங்குல இருக்கையும் பக்கத்து இருக்கைக்காரரும்: குமரி மாவட்ட விமானப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு மூன்று பேர் இருக்கையின் கணக்கு நன்றாகத் தெரியும். பருமனான ஒருவர் ஜன்னலோரம் அமர்ந்தால், நடுவில் இருப்பவர் சற்று நகர்ந்துகொள்வார். ஓரத்தில் இருப்பவர் ஒரு காலை நடைவழியில் நீட்டிக்கொள்வார். மார்த்தாண்டம் வருவதற்குள் மூவரும் அந்த ஒற்றைப் பலகையில் அவரவர் உடம்புக்கு ஏற்ற இடத்தைப் பிடித்திருப்பார்கள். இடையில் கைப்பிடி இல்லாததால், மெலிந்தவரிடம் மிஞ்சும் இரண்டு அங்குலம் பருத்தவருக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. விமானத்தில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே அளந்து வைத்த இடம்தான். மெலிந்தவரிடம் மிஞ்சுவது வீணாகக் கிடக்கும், பருத்தவருக்குப் போதாமல் போவது அவர் தொடையை அழுத்தும் அல்லது கைப்பிடிக்கு மேலாக வழிந்து அடுத்தவர்மேல் படும். பக்கத்து இருக்கைக்காரரோடு வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி இந்த அமைப்பினால் வருவதே தவிர, யாருடைய குணத்தினாலும் வருவதில்லை.

நானும் பருமனானவன்தான். வளைகுடா வேலைக்காகப் பல ஆண்டுகள் திருவனந்தபுரம் வழியாகப் போய்வந்ததில், பிறர்மேல் சாய்ந்தவனாகவும், என்னைவிடப் பெரியவர் பக்கத்தில் நசுங்கியவனாகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், இந்தச் சிக்கலில் பாதியை டிக்கெட் போடும்போதும், மீதியை விமானக் கதவு மூடுவதற்கு முன்பும் தீர்த்துவிட வேண்டும். மேலே ஏறிய பிறகு செய்வதற்கு மிகக் கொஞ்சமே இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

இருக்கையின் அகலம் என்று சொல்லப்படுவது இரண்டு கைப்பிடிகளின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரமாகும். போயிங் 737 விமானத்தின் சாதாரண வகுப்பில் இது ஏறத்தாழ 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். ஏர்பஸ் ஏ320 வகையில் 18 அங்குலம் வரை கிடைக்கும். இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர்தான். ஆனால் 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707இன் உடல் அகலத்தையே 737 இன்றுவரை சுமந்துகொண்டிருக்க, அதன்பின் வடிவமைக்கப்பட்ட ஏ320இன் உட்புறம் சுமார் 7 அங்குலம் கூடுதலாக அமைந்தது. அதை ஆறு பேருக்கும் நடைவழிக்கும் பங்கிட்டால் தலைக்கு ஓர் அங்குலம் வருகிறது. பெரிய விமானம் என்றால் பெரிய இருக்கை இருக்கும் என்ற நம்பிக்கை நம் பக்கம் பரவலாக உண்டு, அது சரியல்ல. போயிங் 777 வந்த புதிதில் பெரும்பாலும் வரிசைக்கு ஒன்பது பேரை அமர்த்தியது. பின்னர் பல நிறுவனங்கள் பத்துப் பேராக்கியதால், அதன் இருக்கையும் 17 அங்குலத்துக்கு இறங்கிவிட்டது.

வீட்டில் உங்களை அளந்துகொள்வது எளிது. சுவரை ஒட்டி ஒரு பெஞ்சைப் போட்டு, ஒரு பக்க இடுப்பு சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். மறுபக்கத்தில் ஒரு பலகையையோ தடித்த புத்தகத்தையோ பெஞ்சின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அது உங்கள் இடுப்பையும் தொடையையும் மெல்லத் தொடும்வரை நகர்த்துமாறு வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். பலகை அசையாமல் எழுந்து, சுவருக்கும் பலகைக்கும் இடையே உள்ள தூரத்தைத் தையல் டேப்பால் அளக்க வேண்டும். நின்றபடி இடுப்பைச் சுற்றி அளப்பதில் பயனில்லை, ஏனென்றால் உட்காரும்போது சதை பக்கவாட்டில் விரிவதுதான் இங்கே கணக்கு. எனக்கு இந்த முறையில் 19 அங்குலம் வந்தது. “தெரிஞ்சதுதானே, இதுக்கு எதுக்கு டேப்பு?” என்று என் மனைவி கேட்டாள். ஆனால் எண் தெரிந்த பிறகுதான் எந்த விமானம், எந்த இருக்கை என்று யோசிக்க முடிந்தது. 16 அங்குலத்துக்குள் இருப்பவருக்கு எங்கும் சிரமமில்லை. 17, 18 வருபவர் ஏ320 வகை விமானத்தைத் தேடலாம். 19, 20 வருபவர் நடுக் கைப்பிடியை உயர்த்தக்கூடிய இருக்கையையும், அதற்கு இசையும் பக்கத்து ஆளையும் நம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டு இருக்கை எடுப்பதே நிம்மதி என்பது என் அனுபவம்.

தோள் விஷயம் இன்னொன்று. ஆண்களில் பெரும்பாலோருக்குத் தோள் அகலம் இருக்கையின் அகலத்தைத் தாண்டும். குளச்சல், தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள்: தொந்தி துளியும் இருக்காது, வலை இழுத்து இழுத்துத் தோள் மட்டும் விரிந்திருக்கும். அப்படிப்பட்ட மூன்று பேர் ஒரே வரிசையில் அமர்ந்தால், ஒருவரும் பருமன் இல்லாமலேயே மூவரின் தோளும் இடிக்கும். ஆகவே தோள் உரசுவதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிக்கெட் போடும்போது

டிக்கெட் போடும் பக்கத்தில் விமானத்தின் வகை சிறிய எழுத்தில் இருக்கும். டிராவல்ஸ்காரரிடம் போடுகிறவர்கள் கேட்டால் சொல்வார்கள். கட்டணம் ஒரே மாதிரி இருக்கும்போது ஏ320ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது. சென்னைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்திலிருந்து ஏடிஆர் வகைச் சிறு விமானம் கிடைத்தால், அதில் நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள்தான், நடு இருக்கை என்ற ஒன்றே கிடையாது. நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்தவர்களுக்குத் தூரமும் பெரிதாக வேறுபடாது. தம்பதியாகப் போகிறவர்கள் அதில் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டால் மூன்றாவது ஆளைப் பற்றிய கவலையே இல்லை.

பருமனானவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் அவசர வழி வரிசை. கூடுதல் பணம் கட்டினால் தாராளமாக உட்காரலாம் என்று எண்ணி அதை எடுக்கிறார்கள். அங்கே கூடுவது கால் வைக்கும் இடம் மட்டும்தான், அகலம் அல்ல. பல விமானங்களில் அந்த வரிசையின் கைப்பிடி அசையாதபடி பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் இருக்கை இல்லாத முதல் வரிசையிலோ சாப்பாட்டுத் தட்டே கைப்பிடிக்குள் மடிந்து இருப்பதால், அகலம் இன்னும் சற்றுக் குறையும். மேலும், பெல்ட் எட்டாமல் இணைப்பு பெல்ட் வாங்குகிறவரை அவசர வழி வரிசையில் அமர விடமாட்டார்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிவிட்டு, எல்லார் முன்னிலையிலும் எழுந்து பின்னால் போகச் சொல்லப்படுவதைவிடச் சங்கடம் வேறில்லை. எனக்கு அது நேர்ந்திருக்கிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமல்ல, விதி எல்லா நிறுவனத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஜன்னலா, நடைவழியா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஜன்னலோரத்தில் சுவர்ப்பக்கம் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம், உணவு வண்டி இடிக்காது. ஆனால் கழிப்பறைக்குப் போக இருவரை எழுப்ப வேண்டும். நடைவழியோரத்தில் ஒரு தோள் வெளியே நீட்டிக்கொள்ளும் வசதி உண்டு, கூடவே வண்டியின் மூலை முழங்கையில் இடிக்கும் வாய்ப்பும் உண்டு. பல விமானங்களில் நடைவழிப் பக்கக் கைப்பிடியும் உயரும். அதன் அடிப்பகுதியில், பின்புறம் கீல் அருகே, விரலால் அழுத்தும் ஒரு சிறிய விசை மறைந்திருக்கும். அதைத் தடவித் தேடிக்கொண்டிராமல் பணியாளரிடம் கேட்டாலே திறந்து தருவார்கள். நான்கு மணி நேரத்தைத் தாண்டாத பயணத்துக்கு நான் ஜன்னலைத்தான் எடுக்கிறேன். ஆறு பேர் வரிசையில் பி, இ என்ற எழுத்துகள் நடு இருக்கைகள். பருமனானவர் அவற்றைக் காசில்லாமல் கிடைக்கிறதே என்று ஏற்கக் கூடாது, இருக்கைத் தேர்வுக்குச் சில நூறு ரூபாய் கட்டுவது வீண் செலவும் அல்ல.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. பருமனானவர் ஜன்னலோரம், குழந்தை நடுவில், மற்றவர் நடைவழியோரம் என்று ஒரு வரிசையை முழுவதுமாக எடுத்துக்கொண்டால், கைப்பிடியை உயர்த்தியதும் அது நம்முடைய பேருந்துப் பலகையாகவே மாறிவிடும். சொந்தத் தம்பியின் விலாவில் இடிப்பதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஒருவருக்கே இரண்டு இருக்கை எடுக்கும் ஏற்பாடு இந்திய நிறுவனங்கள் சிலவற்றிலும் உண்டு. இதை மட்டும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணில் நேரடியாகப் பேசிப் போடுவது நல்லது. இணையத்தில் ஒரே பெயரில் இரண்டு டிக்கெட் போட்டால், இரட்டைப் பதிவு என்று ஒன்றை ரத்து செய்துவிடும் வாய்ப்பு உண்டு. இரண்டு இருக்கைகளும் அடுத்தடுத்தவை என்பதையும், இடையிலுள்ள கைப்பிடி உயரும் என்பதையும் அப்போதே கேட்டு உறுதி செய்ய வேண்டும். வாயிலில் இரண்டு போர்டிங் பாஸையும் காட்டுங்கள், இல்லையென்றால் ஆள் வராத இருக்கை என்று எண்ணி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எடைக்கு எடை கட்டணம் என்ற முறையை 2013இல் சமோவா ஏர் என்ற சிறிய நிறுவனம் நடத்திப் பார்த்தது. நம் வீட்டுச் சாமான் பெட்டிகளைத் தராசில் ஏற்றும்போது படும் பாட்டை நினைத்தால், நாமும் தராசில் ஏறும் நாள் வராமல் இருப்பது நல்லது.

ஓணம், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் திருவனந்தபுரம் விமானங்களில் ஒரு காலி இருக்கை காண்பதே அரிது. விடுமுறை தேதியை மாற்ற முடிந்தவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்தால், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் வாய்ப்பு கூடும்.

புறப்படும் நாள்

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால், சாலையும் இந்தக் கணக்கில் வருகிறது. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசலில் ஊர்ந்து, கவுண்டர் மூடும் நேரத்தில் ஓடிப் போய் நிற்பவருக்கு மிஞ்சிக் கிடக்கும் நடு இருக்கைதான் கிடைக்கும். வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு முன் திறக்கும். திறந்த உடனே நிற்பவர்களில் நீங்களும் ஒருவராக இருக்க வேண்டும். வெப் செக்-இன் செய்திருந்தாலும் கவுண்டரில், “பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்படி ஏதாவது வரிசை உண்டா?” என்று தணிந்த குரலில் கேளுங்கள். எந்த வரிசை நிரம்பவில்லை என்பது அவர்கள் திரையில்தான் தெரியும். அந்த ஒரு கேள்வியால் எனக்குச் சில முறை முழு வரிசையே கிடைத்திருக்கிறது.

பெல்ட் எட்டாது என்று சந்தேகம் இருந்தால், விமானத்தில் ஏறும் வாயிற்படியிலேயே பணியாளரிடம் இணைப்பு பெல்ட் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இருக்கைக்கு வந்து, பக்கத்தில் இருவர் பார்த்திருக்க இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்பதைவிட அது எளிது. பெல்ட் வயிற்றின்மேல் அல்லாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின்மேல் இறுக்கமாகப் படிய வேண்டும். போடாமல் மேல்துண்டால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானம் ஒரு முறை குலுங்கினால் அடிபடுவது அவர் மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரும்தான்.

காலடியில் வைக்கும் பையைப் பற்றியும் ஒரு சொல். நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு என்று வீட்டார் கட்டித் தந்ததை எல்லாம் கைப்பையில் திணித்துக் காலடியில் வைத்தால், முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து அடுத்தவர் இடத்துக்குப் போகும். அதை மேலே வைத்துவிடுங்கள்.

இருக்கையில் அமர்ந்த பின்

இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். பருமனானவர் கூச்சத்தில் ஒன்றும் பேசுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சங்கடத்தில் ஒன்றும் பேசுவதில்லை. நான்கு மணி நேரமும் இருவரும் ஒரு கைப்பிடிக்காக முழங்கையால் மௌனப் போர் நடத்திவிட்டு, இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். முதலில் பேச வேண்டியவர் பருமனானவர் என்பது என் முடிவு. நான் உட்கார்ந்த உடனே, பெல்ட் போடுவதற்கு முன்பே, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, “அண்ணாச்சி, ஒண்ணும் நெனைக்காதீங்க, எனக்கு உடம்பு கொஞ்சம் பெரிசு. விமானம் மேல ஏறினதும் இந்தக் கைப்பிடியைத் தூக்கிக்கிடலாமா? வேண்டாம்னா வேண்டாம்” என்று கேட்டுவிடுவேன். கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் முகம் இளகும். மறுக்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. மலையாளி என்றால் சேட்டா, சேச்சி என்று கூப்பிட்டுக் கேளுங்கள். நம் பக்கத்தவர்களுக்கு அது கஷ்டமும் இல்லை. பெண்ணாக இருந்து தயங்குவது தெரிந்தால் வற்புறுத்தாமல், பணியாளரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்வதே முறை.

ஒரு முறை ஷார்ஜா விமானத்தில் நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஜன்னலோரம் என்னைவிடப் பெரிய ஒரு பெரியவர். மறுபக்கம் முதன்முறை போகும் ஒரு பையன். பெரியவரின் புயம் என் விலாவில் வெப்பமாகப் படிந்திருந்தது; நான் மூச்சை அடக்கிக்கொண்டு பையன் பக்கம் சாய, பையன் நடைவழிக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரத்துக்குப் பிறகு பெரியவரே பேசினார். “தம்பி, நான் கைய முன்னால வச்சுக்கிடுதேன், நீங்க பின்னால வச்சுக்கிடுங்க.” கைப்பிடியின் முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. அவர் சற்று முன்சாய்ந்து கையை முன்னே நீட்டினார். நான் முதுகைச் சாய்த்து முழங்கையைப் பின்னே வைத்தேன். இருவர் தோளும் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதும், இடித்துக்கொண்டிருந்த இடம் கழன்றுவிட்டது. நடு இருக்கைக்காரருக்கே இரண்டு கைப்பிடியும் என்று ஒரு மரியாதை வழக்கில் இருக்கிறது, அது நல்லதும்தான். ஆனால் தோள் விரிந்தவர்களுக்கு அந்தப் பெரியவரின் முறை அதைவிடப் பயன்படுகிறது.

கைப்பிடியை உயர்த்தினாலும், புறப்படும்போதும் இறங்கும்போதும் அது கீழேதான் இருக்க வேண்டும். முன் இருக்கைக்காரர் சாய்த்துக்கொண்டால் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் நிமிர்த்தச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு மேல் அதில் சண்டையிட ஒன்றுமில்லை. நீண்ட பயணத்தில் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது இரத்தம் கட்டாமல் இருக்க உதவும். நெருக்கி அமர்ந்திருக்கும் இருவருக்கும் அந்த ஐந்து நிமிடம் ஓய்வாகவும் அமையும்.

உண்மையிலேயே முடியாது, பாதி இருக்கைதான் எனக்குக் கிடைக்கிறது என்றால், கதவு மூடுவதற்கு முன் எழுந்து பணியாளர் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அழைப்பு மணியை அழுத்தி, அந்த மனிதரின் தலைக்கு மேலாக அவரைப் பற்றியே புகார் சொல்வது கூடாது. “வேறு இருக்கை காலியாக இருந்தால் மாறிக்கொள்கிறேன்” என்பதே போதும். காரணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தானாக எழுந்து காலி இடத்தில் போய் அமர்வதும் சரியல்ல; சிறிய விமானங்களில் யார் எங்கே என்பது எடைச் சமநிலைக் கணக்கில் சேர்கிறது. பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைப் பற்றி எழுதவே கூசுகிறது. அவரும் உங்களைப் போலவே முழுப் பணம் கட்டி 17 அங்குலம் வாங்கியவர்.

பணம் திரும்பக் கேட்பதென்றால்

கனடாவில் 2008இல் அந்நாட்டுப் போக்குவரத்து முகமை, உடல் பருமனே இயலாமையாக உள்ள பயணிக்கு உள்நாட்டு விமானங்களில் இரண்டாம் இருக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொன்னது. அதற்குரிய அமைப்பு காலக்கெடு கடந்து 2022இல்தான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நாம் இங்கே நம்பக்கூடியது நுகர்வோர் சட்டத்தைத்தான்.

பக்கத்தில் இருப்பவர் பருமன் என்பதற்காக இழப்பீடு கேட்டால் வழக்கு நிற்பது கடினம். ஆனால் பணம் கட்டித் தேர்ந்தெடுத்த இருக்கையைத் தராமல் நடுவில் அமர்த்தினாலோ, இரண்டு இருக்கைக்குப் பணம் வாங்கிவிட்டு ஒன்றைத் தந்தாலோ உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். விமானத்திலேயே பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் தரலாம். அதற்கும் மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். இருக்கைக்குப் பணம் கட்டிய ரசீது, முதலில் வந்த போர்டிங் பாஸ், மாற்றித் தந்த போர்டிங் பாஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்திருங்கள். பழைய போர்டிங் பாஸை வாயிலில் திருப்பிக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.